உரக்கடை லேப்டாப்பில் எந்த வழியில் ஓஎஸ் போடுவது?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் உரக்கடையில் ஒரே ஒரு லேப்டாப் இருக்கிறது. 2017இல் வாங்கியது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், விண்டோஸ் 10. டேலியில் கடைக் கணக்கு, மாதாமாதம் ஜிஎஸ்டி, ராத்திரியில் தங்கையின் கல்லூரி வேலை எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. கடைத்தெருவில் சர்வீஸ் செய்பவர் "ஃபார்மேட் அடிச்சு லெவன் போட்டுத் தர்றேன், ரெண்டு மணி நேரம் போதும்" என்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போடுவதைச் சொல்கிறார். நண்பர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போடச் சொல்கிறார். கேட்டவருக்கோ பென் டிரைவ் தயார் செய்து தானே போட்டுப் பார்க்க ஆசை. எந்த வழியில் போவது என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வி. ஆனால் கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சம்பா சீசனில் கடை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது." எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஏதாவது தவறிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, மறுநாள் காலை முதல் மூட்டை யூரியாவுக்கு பில் போட முடியுமா என்பதுதான் உங்கள் கவலை. நான் கும்பகோணத்தில் 2005 முதல் கணினி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். மளிகைக்கடை, ரைஸ் மில், ஆடிட்டர் ஆபீஸ், டிடிபி சென்டர் என்று நம் பக்கத்து இயந்திரங்களோடுதான் இத்தனை வருஷமும் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் உங்கள் லேப்டாப் நின்றுவிடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள்தான் நின்றன. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு அந்தப் பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துப் பெற ஒரு திட்டம் இருக்கிறது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். அமைப்புகளில் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழைந்து உங்கள் அமைப்புகளை பேக்கப் செய்யச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. இன்றைக்கே ஒரு வேலை செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

அடுத்து, விண்டோஸ் 11. அது இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து மேலே இருக்கும் பிராசஸர்களுக்குத்தான் அதிகாரபூர்வமாக ஆதரவு தருகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், துவங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவையும் வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை என்பதால் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆகவே கடைத்தெரு சர்வீஸ்காரர் 11 போட்டுத் தருகிறேன் என்றால் இந்தத் தகுதிகளைப் பார்க்கும் சோதனையைத் தாண்டிவிடும்படி மாற்றிய பென் டிரைவில்தான் போட்டுத் தருவார். அது முடியும், நானும் செய்து பார்த்திருக்கிறேன், ஓடும். ஆனால் இப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து மறுபடி போட வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் சரி என்பேன். ஜிஎஸ்டி லாகின் போகிற கணினியில் செய்ய மாட்டேன்.

இப்போது "ஃபார்மேட்" என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஊர்களில் ஓஎஸ் போடுவது என்றாலே ஃபார்மேட் அடிப்பதுதான் என்று ஆகிவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த பழக்கம் அது. சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டி டிரைவ் என்பது தனி டிஸ்க் கிடையாது. ஒரே வயலில் போட்ட வரப்பு மாதிரி ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்ட பிரிவு அது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். இன்னொன்று, ஜனங்கள் டி டிரைவில் வைத்திருப்பதாக நினைப்பதில் பாதிக்கு மேல் சி டிரைவில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் இருப்பது, டவுன்லோடில் இருப்பது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாமே சி டிரைவ்தான். டேலிபிரைமும் தானாக எடுத்துக்கொள்ளும் இடத்தை மாற்றாமல் போட்டிருந்தால் கம்பெனி டேட்டாவை சி டிரைவின் பப்ளிக் ஃபோல்டருக்குள்தான் வைக்கும்.

நான் நேரில் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. 2012இல் பாபநாசம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் லேப்டாப் கொண்டுவந்தது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நகல் எடுத்துவிட்டுத்தான் ஃபார்மேட் செய்தேன். அந்த லேப்டாப்பில் இரண்டாவது யூசர் அக்கவுண்ட் ஒன்று இருந்தது. அதை நான் கேட்கவில்லை, அவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மகளின் காதணி விழாப் படங்கள் மொத்தமும் அந்த அக்கவுண்டில் இருந்தன. இரண்டு நாள் ரெக்கவரி மென்பொருளோடு மல்லுக்கட்டி ஏறக்குறைய பாதியை மீட்டேன். மீதி போனது போனதுதான். அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை இன்றைக்கு நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. அன்று இருந்தது ஹார்ட் டிஸ்க், அதனால் பாதியாவது வந்தது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே பின்னணியில் துடைத்து வைத்துவிடும். டிரிம் என்பார்கள். அதற்குப் பிறகு மீட்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கடைகளில் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த கடிதங்கள், விலைப் பட்டியல்கள், கடை நோட்டீஸ்கள் உங்கள் லேப்டாப்பில் இருக்கலாம். அந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு வந்தவை அல்ல. எப்போதோ யாரோ போட்டுக்கொடுத்தவை. அவை இருப்பது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில். ஃபார்மேட் அடித்தால் அவையும் போய்விடும். கோப்புகளை எவ்வளவு பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தாலும் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போகவில்லை, எழுத்துருவைத் திரும்பப் போட்டால் வந்துவிடும். ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டுமே. அதனால் அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது, இனி அடிப்பதையாவது யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸ் 10இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். ஓஎஸ் மாறினாலும் யூனிகோடில் இருக்கும் கோப்பு எங்கும் அப்படியே திறக்கும்.

சரி, ஓஎஸ் மாற்றுவதற்கு என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். இருக்கிற விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றுவது ஒரு வழி. கோப்பு, மென்பொருள், பிரிண்டர் எல்லாம் அப்படியே இருக்கும். எட்டாம் தலைமுறைக்கு மேல் கணினி வைத்திருந்து இதைப் படிப்பவர்கள் முதலில் இதையே முயலுங்கள். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் அமைப்புகளிலேயே இருக்கும். என் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கு இது பிடிக்காது, "சுத்தமா போட்டாத்தான் நல்லா ஓடும்" என்பார்கள். வைரஸ் புகுந்த கணினிக்கும், குப்பை மென்பொருள்கள் அடைந்த கணினிக்கும் அது உண்மை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு அது வீண் வேலை. உங்கள் லேப்டாப்பில் எப்படியும் இந்த வழி திறக்காது, சோதனையிலேயே நிறுத்திவிடும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட் இன்னொரு வழி. "கோப்புகளை வைத்துக்கொள்" என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், டேலி உள்பட. அந்த வாசகத்தை நம்பிப் பொத்தானை அழுத்திவிட்டு டேலியைத் தேடியவர்கள் உண்டு.

அப்புறம் டூயல் பூட். ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொண்டு துவங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பது. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம். ஆனால் ஒரே லேப்டாப் வைத்திருக்கும் கடைக்கு வேண்டாம் என்பேன். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸின் பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) சுருக்கும்போது கரண்ட் போனால் இரண்டுமே போகலாம். லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். விளைவு, தங்கை ராத்திரி லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு மூடினால் காலையில் அப்பா திறக்கும்போது விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், பில்லிலும் அதே நேரம் விழும். இதைச் சரிசெய்ய ஒரு வரிக் கட்டளை போதும், ஆனால் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள் கடையில் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு டூயல் பூட் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் துவங்க மறுத்தது. அப்படி ஒன்று மறுபடி நடந்தால் உங்கள் கடையில் யார் சரிசெய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் உங்களுக்குச் சொல்லும் வழி இவற்றில் எதுவுமில்லை. பழைய டிஸ்கைத் தொடாதீர்கள். கழற்றி எடுத்து பீரோவில் வையுங்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி, செய்ய வேண்டியதை எல்லாம் அதில் செய்யுங்கள். விதைநெல்லை யாரும் அரைக்கக் கொடுப்பதில்லை அல்லவா, அந்தப் பழைய டிஸ்க்தான் உங்கள் விதைநெல். புதிய டிஸ்கில் என்ன குழப்பம் நடந்தாலும் நாலு திருகைக் கழற்றிப் பழையதை மாட்டினால் நேற்று இருந்த கடை அப்படியே வந்துவிடும். நீங்களே போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறீர்களே, அதற்கும் இதுதான் பாதுகாப்பு. எல்லாப் பார்ட்டிஷனையும் தவறுதலாக அழித்தால்கூட இழப்பு ஒன்றும் இல்லை, திரும்ப ஆரம்பிக்கலாம். 2017 வாக்கில் வந்த பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் பொருந்தும். இன்னொரு நன்மையும் உண்டு. லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருஷ ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10 ஓடினால் அப்படித்தான் இருக்கும். எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் எந்த ஓஎஸ் மாற்றமும் தராத வேகம் வரும். இதை நூற்றுக்கணக்கான இயந்திரங்களில் பார்த்துவிட்டேன்.

எஸ்எஸ்டியில் எதைப் போடுவது? கடை வேலைக்கு, இப்போது இருக்கும் விண்டோஸ் 10ஐயே அச்சு அசலாக குளோன் எடுத்துப் போடுங்கள். டேலி, பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மென்பொருள், நான் மேலே சொன்ன எழுத்துருக்கள், இரண்டாவது யூசர் அக்கவுண்ட் எல்லாமே கூடவே வந்துவிடும். எதையும் ஞாபகம் வைத்துத் தேட வேண்டாம். யுஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்குப் போகும் ஒரு கேபிள் வாங்கினால் போதும், குளோன் மென்பொருளைப் பல எஸ்எஸ்டி கம்பெனிகளே இலவசமாகத் தருகின்றன. பழைய டிஸ்கில் நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டியின் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். டேலிக்கு ஒரு முன்னெச்சரிக்கை: லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, டிஸ்க் மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லலாம். டேலியிலேயே லைசென்ஸ் சரண்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. மாற்றுவதற்கு முன் சரண்டர் செய்துவிட்டு, மாற்றியபின் ஆக்டிவேட் செய்யுங்கள். டேலி பேக்கப் ஒன்றைத் தனியாகப் பென் டிரைவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. அது மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்கை மாற்றினாலும் ஆக்டிவேட் ஆகவே இருக்கும். குளோன் எடுத்த பிறகு பழைய டிஸ்கையும் புதியதையும் ஒன்றாக மாட்டி லேப்டாப்பைத் துவக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

இது நிரந்தர ஏற்பாடு இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 2026 அக்டோபர் வரைக்கும்தான். அதற்குள் கடைக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலான ஒரு டெஸ்க்டாப் வாங்குங்கள். பெரிய ஆபீஸ்கள் கழித்துவிட்ட நல்ல டெஸ்க்டாப்கள் சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கும், திருச்சியிலும் கிடைக்கும். அதில் விண்டோஸ் 11 முறையாக ஓடும். அப்போது இந்த லேப்டாப் முழுக்கத் தங்கைக்கு. அன்றைக்கு லினக்ஸ் போடுங்கள், உங்கள் நண்பர் சொன்னது அந்த இடத்தில் மிகவும் சரி. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் அதில் அருமையாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போடச் சொல்வார்கள், நானும் யோசிக்காமல் அழித்துக் கொடுத்தேன். "ஒரு மாசம் இதையும் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடை வேலைக்கு ஏன் இப்போதே லினக்ஸ் வேண்டாம் என்கிறேன் என்றால், டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் சுற்றுவழியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மார்ச் மாதம் தகராறு செய்தால் டேலிக்காரரும் வர மாட்டார், லினக்ஸ் தெரிந்தவரும் டேலியைத் தொட மாட்டார். பிரிண்டரும் ஒரு காரணம். எச்பி லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் அமையும். நம் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும், டிரைவரைப் போடுவதற்கே அரை நாள் போகும். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இவற்றுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்பது மாடலுக்கு மாடல் மாறும். உர மானிய பிஓஎஸ் மெஷின் தனியாக இருப்பதாகச் சொல்லியிருப்பதால் அது இந்தக் கணக்கில் சேராது.

உங்கள் ஆசைக்கு வருகிறேன். தானே போட்டுப் பழக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடாதீர்கள். இப்போதே ஒரு 8 ஜிபி பென் டிரைவ் எடுத்து, அதில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் வேண்டாம். கோப்பு முழுதாக வந்ததா என்று பார்க்கக் கூடவே தரும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள், பாதியில் அறுந்த டவுன்லோடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற மென்பொருள் மூலம் எழுத வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு சாவியை அழுத்துங்கள். எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஆசஸ் என்றால் எஸ்கேப். மின்ட் முழுவதுமாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும். திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை உங்கள் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று தங்கையை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். லினக்ஸ் உங்கள் லேப்டாப்புக்கு ஒத்துவருமா என்பதற்கு அதைவிட நல்ல பதிலை வேறு யாரும் சொல்ல முடியாது.

பின்னால் புதிய கணினியில் விண்டோஸ் போடும்போது இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஒன்று, டிஸ்க் எம்பிஆர் வகையில் இருக்கிறது, போட முடியாது என்று செய்தி வரும். எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்கைப் பிரித்து வைக்கும் பழைய, புதிய முறைகள். கணினியைத் துவக்கும் பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் இருந்தால் டிஸ்க் ஜிபிடி வகையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைப் பார்த்ததும் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிடச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். டேட்டா இருக்கும் டிஸ்கில் அதைச் செய்துவிடாதீர்கள். மற்றது, 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த சில இன்டெல் லேப்டாப்களில் இன்ஸ்டால் திரையில் டிஸ்கே தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், கம்பெனி தளத்தில் இருக்கும் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் போட்டு அந்தத் திரையில் ஏற்றினால் தெரியும். கூடவே டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு புதிதாகப் போட்ட விண்டோஸ் 11 24எச்2 பல கணினிகளில் டிஸ்கைத் தானாகவே பூட்டிக்கொள்கிறது. பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். முன்கூட்டியே எடுத்து ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நாள் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சம்பா நடவு நேரத்தில், புரட்டாசி ஐப்பசியில், கடையில் கூட்டம் நிற்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையும் இடியும் கரண்ட் வெட்டும் அப்போதுதான். தையில் அறுவடை நடக்கும்போது உரக்கடையில் ஓரளவு ஓய்வு இருக்கும், அதுதான் சரியான நேரம். அந்த மாதத்திலும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்ற இரண்டு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்களும் முடியட்டும், அதற்குப் பிறகு ஒரு நாள் எடுங்கள். உங்கள் ஃபீடருக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குமா என்றும் பாருங்கள், எட்டு வருஷ பேட்டரி தாங்காது என்றே நினைக்கிறேன். அப்படியானால் யுபிஎஸ்ஸில் சொருகிச் செய்யுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, கரண்ட் திரும்பி வந்த நாட்களில் என்னிடம் வந்த டிஸ்குகளை இன்னும் மறக்கவில்லை. அவற்றில் பேக்கப் வேறு எங்காவது இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாதது உங்கள் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலை. எல்லாவற்றுக்கும் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்தில் நல்லது என்று காட்டினால் குளோன் எடுக்கலாம். மஞ்சள் காட்டினால், முக்கியமாக மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட டிஸ்க் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குளோன் முயற்சியே அந்த டிஸ்கைக் கொன்றுவிடலாம். அப்போது முதலில் டேலி டேட்டா, பிறகு படங்கள், பிறகு மற்றவை என்ற வரிசையில் கையால் நகல் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே வழி. கழற்றும்போது ரேமின் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். உப்புக்காற்று படும் ஊர்களில் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைத்தெரு சர்வீஸ்காரரைத் தவிர்க்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டி மாட்டுவது, குளோன் எடுப்பது எல்லாம் அவரிடமே கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு விஷயம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்கை அழிக்காமல் உங்கள் கையில் தர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓட்டவைக்கும் ஆக்டிவேட்டர் எதுவும் போடக் கூடாது, உங்கள் லேப்டாப்போடு வந்த லைசென்ஸே போதும். அந்த ஆக்டிவேட்டர்கள் ஓடுவதற்காக முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் பாஸ்வேர்டும் அடிக்கிற கணினியில் அணைத்துவிட்டு எதை உள்ளே விடுகிறோம் என்று யாருக்குமே தெரியாது.

எல்லாம் முடிந்து எஸ்எஸ்டியில் லேப்டாப் துவங்கியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன் டேலியைத் திறந்து நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பில்லைப் பிரிண்டரில் அடியுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே போய், டோக்கனைச் சொருகி அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்து படியுங்கள். இந்த நாலும் சரியாக இருந்தால் பழைய டிஸ்கின் மேல் தேதி எழுதி ஒட்டி, ஈரம் படாத கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். இந்த வருஷ மார்ச் கணக்கை ஆடிட்டர் முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அதை எதற்காகவும் எடுத்து அழிக்காதீர்கள், தங்கை கேட்டாலும் கொடுக்காதீர்கள். லேப்டாப்பின் கம்பெனியும் மாடல் எண்ணும் எழுதினால் எஸ்எஸ்டி எந்த அளவு பொருந்தும், ரேம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துச் சொல்கிறேன்.